ஒண்ணும்

பினாங்கு, பாயான் லெப்பாஸ்.
மூன்றாம் மாடிக் கூட்ட அறை,
குளிர்சாதனம் பதினெட்டில்.
செம்புக் கம்பிச் சுருள்கள் பதினொன்று
வியாழன் இரவு காணாமல் போனதற்கு
உள்விசாரணை.

நான் சம்பளப் பிரிவு.
தமிழ் தெரியும் என்பதால்
தட்டச்சுக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்துக்
கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள்.

இரவுக் காவலர் அங்கப்பன், சன்னாசியின் மகன்,
மொழிபெயர்ப்பு வேண்டாம் என்றார்.
ஒன்பது வருட வேலை; தன் இங்கிலீஷ் தனக்குப் போதும்.
கைப்பொத்தானைப் பூட்டிக்கொண்டு சொன்னார்:
"ஐ டோன்ட் நோ நத்திங், சார்."

மிஸ்டர் கூ பேனாவை மூடினார்.
மிஷன் பள்ளியில் பிரம்படி வாங்கிப் படித்த இலக்கணம்
அவர் முகத்தில் மெல்ல மலர்ந்தது.
டோன்ட் ஒரு மறுப்பு. நத்திங் இன்னொன்று.
மறுப்பை மறுத்தால் உடன்பாடு.
"ஆக, இவருக்கு ஏதோ தெரியும்.
எழுதிக்கொள்ளுங்கள், மிஸ் அமிர்தவல்லி."

விசைகளின் மேல் என் விரல்கள் நின்றன.

அந்த நத்திங் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.
அது நத்திங்கே இல்லை. ஒண்ணும்.
'ஒண்ணும் தெரியாது' என்று மனத்துக்குள் சொல்லி
வலமிருந்து இடமாகக் கழற்றி
திருகு திருகாக இங்கிலீஷில் மாட்டியிருக்கிறார்.
தெரியாதுக்கு டோன்ட் நோ.
ஒண்ணுமுக்கு, கடையில் கிடைத்தது, நத்திங்.
ஒண்ணும் என்பதில் மறுப்பு ஏது?
ஒன்று இருக்கிறது, கூட ஓர் உம் இருக்கிறது.
பின்னால் இல்லை வரட்டும் என்று
கை கட்டிக் காத்திருக்கிற சொல் அது.

"வியாழக்கிழமை தெரியாதா, இப்போது தெரியாதா?"
புவான் ரொஹாய்டா கேட்டார்.
அங்கப்பன் இம்முறை என்னைப் பார்த்தார்.
"தெரியாதும்மா."
நேற்று இன்று நாளை மூன்றையும்
ஒரே சொல்லில் போட்டுப் பூட்டியாயிற்று.
எந்தக் காலத்தை நான் தட்டச்சு செய்ய?

கேண்டீன் பையன் சொஹாக் எட்டிப் பார்த்தான்.
மிஸ்டர் கூ தலை நிமிராமல்,
"கோப்பி ஓ. டோன்ட் புட் நோ ஷுகர், ஆ."

எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
இரண்டு.

ஐந்து நிமிடத்தில் கோப்பி வந்தது,
கறுப்பாக, கசப்பாக, ஒரு மணிச் சீனியும் இல்லாமல்.
சொஹாகுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.
மிஸ்டர் கூ உறிஞ்சிவிட்டு "குட்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை என்று சொல்ல முடியாது.
"சார், கோப்பியில் சீனி இருக்கிறதா?"

விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோல் இறங்கியது.
ரொஹாய்டா உதட்டைக் கடித்துக்கொண்டார்.
கோப்பையை ஓரமாக நகர்த்தி
"எனிதிங் என்று போடுங்கள்" என்றார் கூ.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம்.
அங்கப்பன் என் மேசைக்கே கொண்டுவந்தார்.
நிர்வாகம் உங்கள் நேர்மையை நம்பாமல் இல்லை.
ஆயினும் இனிப் பகல் வேலை, பின்வாசல்,
இரவுப்படி கிடையாது.
முதல் வரியை இரண்டு முறை தமிழில் சொல்லச் சொன்னார்.
"அப்படின்னா நம்புறாங்களா?"

மைனசை மைனசால் பெருக்கினால் பிளஸ்,
சிந்தாமல் சிதறாமல்.
ஈப்போவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்
"பிடிக்காம இல்ல" என்று சொல்லிப் போனார்.
நான்கு வருடம் அதைப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா"
என்று கடிதத்தை நான்காக மடித்தார்.
படியிறங்கும்போது, போகிற போக்கில்,
"பன்னெண்டு சுருளுக்கு இவ்வளவு பாடு" என்றார்.

நான் பதினொன்று என்றுதான் தட்டச்சு செய்திருந்தேன்.